புகார் சொல்லாதவர்கள்தான் முதலில் கிளம்புகிறார்கள்

டீமில் நன்றாக வேலை செய்கிற ஒருவர் ராஜினாமா கொடுத்ததும் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அங்கே எவ்வளவு தருகிறார்கள்?" போகிறவரும் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். யாருக்கும் சங்கடம் தராத பதில் அது. எக்ஸிட் இன்டர்வியூவிலும் அதையே எழுதிக்கொள்வார்கள். ஆனால் டீம்களில் இருந்தும், பிறகு டீம்களை நடத்தியும் பார்த்ததில், அந்தத் தொகை கதையின் கடைசிப் பக்கம் மட்டுமே.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் பொதுவாக நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள்! 1913-ல் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் சேர்ந்த வேகத்திலேயே ஆட்கள் ஓடினார்கள். சுமார் 14,000 பேர் இருக்க வேண்டிய இடத்துக்கு அந்த ஒரே வருடத்தில் 50,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தினக்கூலியை ஏறக்குறைய இரு மடங்காக்கி 5 டாலர் என்றார். வேலை நேரத்தையும் ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்தார். ஓட்டம் வெகுவாகக் குறைந்தது. ஒரே திருகை நாள் முழுக்க முடுக்குகிற வேலைக்கு வேறென்ன கொடுத்துவிட முடியும்?

ஆனால் 1950-களின் இறுதியில் உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 இன்ஜினியர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டபோது வேறொன்று தெரிந்தது. சம்பளம், மேலதிகாரி, நிர்வாக விதிகள் போன்றவை சரியில்லாவிட்டால் மனம் கசக்கிறது. சரியாக இருந்தால் கசப்பு போகிறது, அவ்வளவுதான். வேலை பிடித்துப்போவதற்கு, ஒன்றைச் செய்து முடித்த நிறைவு, அதற்கான அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி எல்லாம் வேண்டியிருக்கிறது.

நான் அதிகம் பார்த்தது, சம்பளத்துக்காக அல்லாமல், இவை கிடைக்காததால் போகிற இந்த இரண்டாவது வகை விலகலைத்தான். அது இப்படித்தான் ஆரம்பிக்கும். நன்றாகச் செய்கிறவரிடம் அவசர வேலை போகும். சொதப்புகிறவரிடம் கொடுக்க யாருக்கும் தைரியம் வராது என்பதால், அவருக்கு மாலையில் சீக்கிரமே வீடு. அப்ரைசலில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே இன்கிரிமென்ட். என்னுடன் வேலை பார்த்த ஒரு பெண் இதில் மாட்டிக்கொண்டார். புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள வேறு டீமுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். "நீங்கள் இல்லாவிட்டால் இங்கே எதுவும் ஓடாது" என்றார் மேலாளர். பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால், கெட்டிக்காரத்தனமே தன்னைக் கட்டிப்போட்டுவிட்டது என்றுதான் அவர் காதில் அது விழுந்தது. அதன்பின் அவர் எதுவும் கேட்கவில்லை. திருப்தியாக இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ராஜினாமா கொடுத்த மறுநாளே கேட்ட டீம், கேட்காத பிரமோஷன், கூடுதல் சம்பளம் எல்லாம் மேஜைக்கு வந்தன. "இப்போது முடிகிறதென்றால் அப்போதும் முடிந்திருக்கும்தானே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இன்கிரிமென்ட் பல மேலாளர்களின் கையில் இல்லை, சரி. ஆனால் யாருக்கு எந்த வேலை போகிறது என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. சுமாரானவரைப் பயிற்றுவிப்பது எரிச்சலான வேலை. நல்லவர் தலையில் கட்டிவிடுவது சுலபம். முக்கால்வாசி விலகல்களுக்கு இந்தச் சுலபம்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம். (புதிதாகச் சேர்பவருக்குப் பழைய ஆளைவிட அதிக சம்பளம் கொடுப்பது இன்னொரு காரணம். அது எப்படியும் வெளியே தெரிந்துவிடும்.)

போகிறவரிடம் கேட்கிற கேள்விகளை இருக்கிறவரிடம் கேட்பது எனக்குப் பலன் தந்திருக்கிறது. அப்ரைசலோடு சேர்க்காமல், தனியாக உட்கார்ந்து. எந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட ஆசை? எது கற்றுக்கொள்ள வேண்டும்? முதல் தடவை "எல்லாம் நன்றாகத்தான் போகிறது" என்பார்கள். இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் வாய் திறப்பார்கள். அப்புறம் சொன்னதில் சின்னதாக ஒன்றையாவது சீக்கிரம் செய்து கொடுத்துவிட வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

இப்படிக் கேட்டபோது என் டீமிலிருந்த திறமையான ஒருவர் வேறு பிரிவுக்குப் போக வேண்டும் என்றார். அனுப்பினோம். சில மாதங்கள் எங்களுக்குத் திண்டாட்டம்தான்; அவர் செய்துவந்ததை மூன்று பேர் பிரித்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் இன்னும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறார்.