கீ மீட்டரில் போட்ட காசு எங்கே போகிறது?

இங்கிலாந்தில் வாடகை வீடு பார்க்கும் நம் ஆட்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அறை எவ்வளவு பெரிது, ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்பதோடு சேர்த்து மீட்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். மின்சாரத்துக்குச் சாவி செருகும் துளையும் கேஸுக்கு அட்டை செருகும் துளையும் இருந்தால் அது ப்ரீபேமென்ட் மீட்டர். காசு போட்டால் கரண்ட், தீர்ந்தால் இருட்டு. 2024 வசந்தத்தில் நாங்கள் குடிபோன வீட்டில் அதுதான் இருந்தது. "மொபைல் ரீசார்ஜ் மாதிரிதான் சார், பில் வரும் என்ற பயமே இல்லை" என்று சொல்லி ஏஜென்ட் சாவியையும் அட்டையையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ரீசார்ஜ் மாதிரி இல்லை. கடையில் 20 பவுண்டு போட்டு வந்து சாவியைச் செருகினால் மீட்டர் 20 காட்டவில்லை, அதைவிட நல்ல குறைவாகவே காட்டியது. அடுத்த வாரமும் அதே கதை. வீட்டில் இருப்பது ஃப்ரிட்ஜ், அடுப்பு, நாலு பல்பு, கைக்குழந்தைக்காக அடிக்கடி ஓடும் வாஷிங் மெஷின், அவ்வளவுதான். என் மனைவி தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவைக்க ஆரம்பித்தாள். எல்லாரும் தூங்கி எதுவும் ஓடாத இரவிலும் காசு குறைவது அப்போதுதான் தெரிந்தது.

விஷயத்தை உடைத்துச் சொன்னவர், சாவியில் காசு ஏற்றும் பேபாயிண்ட் மெஷின் வைத்திருக்கும் பக்கத்துக் கடைக்கார அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர், பல வருஷமாக இந்தச் சாவிகளைப் பார்த்து வருபவர். "அதில பழைய ஆக்களின்ர கடன் கிடக்கும் தம்பி, முதல் கம்பனிக்கு அடிச்சுக் கதையுங்கோ" என்றார். மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் திரை மாறும். மீதிக் கடன் எவ்வளவு, வாரத்துக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாக வரும். பார்த்தோம். எங்களுக்கு முன் இருந்தவர் கட்டாமல் விட்ட பாக்கி சில நூறு பவுண்டு அங்கே உட்கார்ந்திருந்தது. கடன் இருப்பது மீட்டருக்குள், ஆள் மாறினால் அதற்குத் தெரியாது. யார் காசு போட்டாலும் வாரத் தவணையைத் தன்பாட்டில் எடுத்துக்கொள்ளும்.

போடும் காசில் மீட்டர் முதலில் பிடிப்பது கடன் மட்டுமில்லை, ஸ்டாண்டிங் சார்ஜும் உண்டு. ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் நாள்தோறும் போகும் கட்டணம் அது. 2024-இல் மின்சாரத்துக்கு 50 பென்ஸுக்கு மேல், கேஸுக்கு 30 பென்ஸ் அளவில் இருந்தது. அப்புறம் எமர்ஜென்சி கிரெடிட். காசு தீரும் நிலைக்கு வந்ததும் மீட்டர் தரும் கைமாற்று, எங்கள் மீட்டரில் 5 பவுண்டு. இது தானாக வராது, சாவியைச் செருகி எடுத்துக்கொள்ள வேண்டும். நடுராத்திரி குழந்தைக்குப் பால் கலக்கும்போது கரண்ட் போனால், செல்போன் வெளிச்சத்தில் படிக்கட்டுக்குக் கீழே போய்ச் செருக வேண்டும். அந்த 5 பவுண்டும் தீர்ந்தால் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த டாப்-அப்பில் முதலில் கைமாற்றுப் போகும், அதன் மேல் சேர்ந்த ஸ்டாண்டிங் சார்ஜ் போகும், பிறகு மிஞ்சுவதுதான் நமக்கு.

கேஸில் இது இன்னும் மோசம். எங்களுக்குச் சமையல் மின்சார அடுப்பில், குளியல் மின்சார ஷவரில், கேஸ் ஹீட்டிங்குக்கு மட்டும்தான். கோடையில் தொடவே இல்லை. அக்டோபரில் குளிர் ஆரம்பித்து 10 பவுண்டு போட்டால் ஹீட்டிங் பற்றவே இல்லை. கோடை முழுக்க நாளுக்கு 30 பென்ஸ் சேர்ந்து நின்றிருக்கிறது, போட்டது அதற்கே பத்தவில்லை. இந்த மீட்டர் இருப்பவர்கள் கோடையிலும் வாரம் இரண்டு மூன்று பவுண்டு கேஸ் அட்டையில் போட்டுவையுங்கள்.

ப்ரீபேமென்ட் என்றால் யூனிட் விலை அதிகம் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது பழைய நிலவரம். 2023 ஜூலையிலிருந்து அந்தக் கூடுதல் சுமையை அரசே ஏற்றுக்கொண்டது. 2024 ஏப்ரலில் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் ஸ்டாண்டிங் சார்ஜையும் டைரக்ட் டெபிட்காரர்களோடு, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கட்டுபவர்களோடு, சமன் செய்துவிட்டது. ஆனால் செலவு வேறு வழியில் வருகிறது. டைரக்ட் டெபிட்டில் குளிர்காலச் செலவு பன்னிரண்டு மாதத்துக்கும் பிரிந்துவிடும். நமக்கோ டிசம்பர், ஜனவரிக் குளிர் முழுவதையும் அந்தந்த வாரச் சம்பளத்திலேயே கட்ட வேண்டும். வாடகை போன வாரத்தில் ஹீட்டிங் போடுவதா வேண்டாமா என்று யோசிக்க வைப்பது அதுதான்.

சரி, கம்பெனி. போனில் பேசிய முதல் ஆள், மீட்டரில் கடன் இருந்தால் கட்டித்தான் ஆக வேண்டும் என்றார். அடுத்தவர் வாடகை ஒப்பந்தத்தை ஈமெயிலில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டால் புதிதாக ஒருவர், மறுபடி முதலிலிருந்து கதை. கடைசியில் இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் ஒரு அம்மா வழி சொன்னார். போனில் கெஞ்ச வேண்டாம், இதை முறைப்படி புகாராகப் பதிவு செய்யச் சொல்லி எண் வாங்குங்கள், குடிவந்த தேதி, அன்றைய ரீடிங், டாப்-அப் ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே ஈமெயிலில் வையுங்கள் என்றார். புகார் பதிவாகி 8 வாரம் தாண்டியும் தீரவில்லை என்றால், இந்தக் கம்பெனிகள் மேலான புகாரை விசாரிக்கும் எனர்ஜி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், நமக்குக் காசு செலவில்லை. அந்த 8 வாரக் கணக்கை ஈமெயிலில் எழுதிய பிறகுதான் எதிர்முனையில் ஒரே ஆள் பெயரோடு பேச ஆரம்பித்தார். கைக்குழந்தை இருப்பதால், கூடுதல் கவனிப்பு தேவைப்படும் வீடுகளின் பட்டியலான ப்ரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டரிலும் பெயர் சேர்க்கச் சொன்னேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, முதியவர், நோயாளி இருக்கும் வீடுகள் எல்லாம் கேட்கலாம். கேட்காமல் யாரும் சேர்ப்பதில்லை.

கடனை நீக்கியதும் வேடிக்கையான முறையில்தான். புதுச் சாவி தபாலில் வந்தது. அதில் கடையில் காசு ஏற்றினால் கம்பெனியின் கட்டளையும் கூடவே ஏறும். வீட்டில் செருகியதும் கடன் திரை பூஜ்யமானது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து பிடித்த தவணைகளைக் கணக்குப் போட்டுத் திருப்பித் தர இன்னும் சில ஈமெயில்கள் தேவைப்பட்டன. என் மனைவியின் நோட்டு இல்லாவிட்டால் அது நடந்திருக்காது.

(எங்களுக்கு முன் இருந்தவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாக்கி வைத்தவர்கள் வீட்டில் வாரண்டோடு நுழைந்து இந்த மீட்டரை மாட்டிவிடும் வழக்கம் பெரிய சர்ச்சையாகி 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகளில் வலுக்கட்டாயமாக மாட்டக்கூடாது என்பது போன்ற விதிகளோடுதான் மீண்டும் அனுமதித்தார்கள். அவர் வீட்டிலும் அப்படித்தான் மாட்டினார்களோ என்னவோ.)

அப்புறம்தான் பில் மீட்டருக்கு மாறக் கேட்டேன். கிரெடிட் செக், அதாவது இதுவரை கடன், பில் எல்லாம் ஒழுங்காகக் கட்டினோமா என்ற சோதனை, வேண்டும் என்றார்கள். இந்த நாட்டுக்கு வந்து கொஞ்ச காலமே ஆனவர்களுக்கு அதில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த் என்பதால், முறையான விசாவில் இங்கே வசிப்பவர்கள் வாக்காளர் பட்டியலில் பதியலாம். கிரெடிட் கோப்பில் முகவரி உறுதியாக அது உதவும், எங்களுக்கும் உதவியது. பில் நம் பெயரில் இருந்தால் மீட்டர் வகையை மாற்றக் கேட்கும் உரிமை வாடகைக்காரருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் காலி செய்யும்போது பழையபடி வைக்க வேண்டும் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு ஒரு ஈமெயில் போட்டேன், அவருக்கு ஆட்சேபணை இல்லை.

ஸ்மார்ட் மீட்டர் மாட்ட ஆள் வந்தார். அதிலேயே ப்ரீபேமென்ட், பில் இரண்டு முறையும் உண்டு, கம்பெனி அங்கிருந்தபடியே மாற்றிவிடும். அதனால் இனி உங்கள் வீட்டு மீட்டர் ஸ்மார்ட்தானே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், எந்த முறையில் ஓடுகிறது என்று கேளுங்கள். முறை மாறியதாகக் கடிதம் வந்தும் எங்கள் கணக்கில் சில நாள் பழையபடியே காட்டியது, மறுபடி ஒரு போன்.

பழைய மீட்டரைக் கழற்றுவதற்கு முன் மின்சாரம், கேஸ் இரண்டின் ரீடிங்கையும் மீதிப் பணத்தையும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். முதல் பில்லில் அந்த மீதி வரவே இல்லை. போட்டோவை அனுப்பினேன், இரண்டாம் பில்லில் கழித்துக்கொண்டார்கள்.