ஞாயிற்றுக்கிழமை மேசை

கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் நான் வேலை செய்த காலத்தில், என் கையால் மிக அதிகமாக எழுதப்பட்ட வாக்கியம் இதுதான்: “என ஆங்கில வார இதழ் ஒன்று செய்தி வெளியிட்டுள்ளது.” ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பணிக்கு வரும்போது மேசையில் ஆங்கிலப் பத்திரிகைகள் அடுக்கப்பட்டிருக்கும். திங்கட்கிழமை இதழுக்கு எவற்றைத் தமிழில் தரலாம் என்று பார்ப்பது என் பொறுப்பு. நான் முதலில் உருவி எடுப்பது ‘சண்டே லீடர்’.

எங்கள் செய்தி ஆசிரியர் அதற்குள் சிவப்புப் பேனாவால் கோடிட்டு வைத்திருப்பார். ஆயுதக் கொள்வனவு, கேள்விப்பத்திரத்தில் நடந்த தில்லுமுல்லு, யாரோ ஓர் அமைச்சரின் உறவினருக்குப் போன காணி. “தம்பி, அவர்கள் சொன்னதாகவே எழுதும். பத்திரிகையின் பெயரையும் போட வேண்டாம்” என்பார். ஆரம்பத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. போகப்போகத்தான் விளங்கியது. அதே செய்தி தமிழில் முதலில் அச்சேறினால், அதை எழுதியவன் புலி என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு சிங்களவர் ஆசிரியராக இருக்கும் ஆங்கிலப் பத்திரிகையில் வந்துவிட்டால், மறுநாள் நாங்கள் அதை எடுத்துப் போடலாம். அந்த ஒரு வாக்கியத்தின் நிழலில் நின்றுதான் எத்தனையோ உண்மைகளை எங்கள் வாசகர்களுக்குச் சொன்னோம். அந்த நிழலுக்கு யார் வெயிலில் நின்றார்கள் என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

சண்டே லீடரின் முதல் இதழ் வந்தது 1994 ஜூன் 19ஆம் திகதி. லசந்த விக்கிரமதுங்கவும் அவருடைய அண்ணன் லால் விக்கிரமதுங்கவும் தொடங்கியது. லசந்த சட்டத்தரணி, ‘சுரனிமல’ என்ற புனைபெயரில் அரசியல் பத்தி எழுதிப் பெயர் பெற்றவர். பத்திரிகை பிறந்து இரண்டே மாதத்தில் பதினேழு ஆண்டு கால ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிந்து, சந்திரிகா குமாரதுங்க ஆட்சிக்கு வந்தார். 1995 பெப்ரவரியில் லசந்தவும் மனைவியும் தாக்கப்பட்டார்கள். 1998இல் அவருடைய வீட்டின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜனாதிபதியை அவதூறு செய்ததாகத் தொடரப்பட்ட குற்றவியல் வழக்கில் 2000ஆம் ஆண்டு அவருக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. 2002இல் அந்தச் சட்டப் பிரிவே நீக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, பத்திரிகைமீதான கோபம் மட்டும் ஒரு ஆட்சியிலிருந்து அடுத்த ஆட்சிக்குக் கைமாறிக்கொண்டே வந்தது.

2000 மே மாதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்திருந்தது. அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் கடுமையான தணிக்கை. எங்கள் பக்கங்கள் தணிக்கை அதிகாரியிடம் போய், கறுப்புக் கோடுகளோடு திரும்பி வரும். வெட்டப்பட்ட இடத்தை நிரப்ப நேரமில்லாமல் வெள்ளையாகவே விட்டு அச்சடித்த நாட்களும் உண்டு. அந்தச் சமயத்தில்தான் சண்டே லீடர் ஒரு கட்டுரை வெளியிட்டது. யாழ்ப்பாணத்துப் பலாலிப் படைத்தளத்தில் தாக்குதல் நடக்கவில்லை என்று தொடங்கி, நடந்தவற்றையெல்லாம் நடக்கவில்லை, நடக்கவில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போன கட்டுரை. நடந்ததைச் சொல்வதுதானே தடை? நடக்காததைச் சொல்லத் தடையில்லையே! நான் உற்சாகத்தோடு மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். தமிழில் ‘இல்லை’ வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. ஒவ்வொரு வரியையும் வாசிக்கும்போது, முழுச் செய்தியும் உண்மையாகக் காதில் விழுந்த பிறகே அந்த ‘இல்லை’ வந்து சேர்ந்தது. செய்தி ஆசிரியர் வாசித்துவிட்டுத் தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். “இதற்கு எங்களிடம் தோள் இல்லை, தம்பி” என்றார்.

சில நாட்களில் சண்டே லீடரின் அச்சகத்துக்குச் சீல் வைத்தார்கள். அதே மாதம் யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ நாளிதழையும் மூடினார்கள். லீடர் உயர் நீதிமன்றம் போனது. தணிக்கை அதிகாரியின் நியமனமே செல்லாது என்று ஜூன் இறுதியில் தீர்ப்பு வந்தது. அன்று மாலை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தவர் செய்தி ஆசிரியர்தான். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

2006இல் விமானப் படைக்காக நடந்த மிக்-27 கொள்வனவு பற்றி லீடர் எழுதியது. பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ அவதூறு வழக்குத் தொடர்ந்தார். 2007 நவம்பர் 21 அதிகாலையில் முகமூடி அணிந்த ஆயுததாரிகள் இரத்மலானையிலிருந்த அச்சகத்துக்குள் புகுந்து இயந்திரங்களுக்குத் தீ வைத்தார்கள். அதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இது நடந்தது. அதற்குப் பிறகும் பத்திரிகை நின்றுவிடவில்லை.

2009 ஜனவரி 8, வியாழக்கிழமை. காலையில் அலுவலகத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்த லசந்தவை அத்திடியவில் மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் வழிமறித்துத் தாக்கினார்கள். களுபோவில வைத்தியசாலையில் அவர் இறந்தார். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. இதில் என்னை உறுத்தும் இன்னொரு மரணம் உண்டு. கொலையோடு தொடர்புபட்ட சிம் அட்டைகள் நுவரெலியாப் பக்கத்துத் தமிழர் ஒருவரின் அடையாள அட்டையைக் கொண்டு பெறப்பட்டிருந்தன. கைது செய்யப்பட்ட அவர் 2011இல் தடுப்புக் காவலிலேயே உயிரிழந்தார். லசந்தவுக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது, கிடைக்கவேண்டியதுதான். ஆனால் கொல்லப்பட்ட தமிழ்ப் பத்திரிகையாளர்களான நிமலராஜன், நடேசன், சிவராம், உதயன் அலுவலகத்துக்குள்ளேயே சுடப்பட்ட இரு ஊழியர்கள் என்று எங்கள் பக்கத்துப் பட்டியலை உலகம் அதே கவனத்தோடு வாசிக்கவில்லை. இதை லசந்தவுக்கு எதிராகச் சொல்லவில்லை. அவர் பத்திரிகை எங்கள் மக்களைப் பற்றியும் எழுதியது. அவர் இல்லாத லீடர் 2012இல் கைமாறி, 2017இல் நின்றுபோனது.

லசந்த கொல்லப்பட்ட மூன்றாம் நாள், 2009 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தன் மரணத்தை எதிர்பார்த்து எழுதியதாக அவருடைய தலையங்கம் வெளியாகியிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு அதை மொழிபெயர்க்கத் தொடங்கினேன். புலிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. தமிழ்க் குடிமக்கள்மீது குண்டு போடும் அரசையும் விட்டுவைக்கவில்லை. மதச்சார்பற்ற, தாராண்மை என்ற சொற்களை அவர் ஏன் தேர்ந்தார் என்று விளக்கிய பகுதி எளிதாகத்தான் வந்தது. சிக்கியது ஒரே இடத்தில். பழைய நண்பரான ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவை நேராக விளித்து எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். தமிழில் நான் தேர்ந்தாக வேண்டும். ‘நீங்கள்’ என்று எழுதிப் பார்த்தேன். திணைக்களத்துக்குப் போகும் மனுவைப் போல் இருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் பழகியவர் சாகும் தறுவாயில் அப்படிப் பேசமாட்டார். எல்லா இடத்திலும் அடித்துவிட்டு ‘நீர்’ என்று மாற்றினேன். நாட்டின் ஜனாதிபதியை ஒரு தமிழ்ப் பத்திரிகை, அதுவும் போர் உச்சத்தில் இருந்த அந்த மாதத்தில், ‘நீர்’ என்று அச்சடிப்பதா என்று கை நடுங்கியது உண்மை.

ஒப்புநோக்கிய பிரதியைச் செய்தி ஆசிரியரிடம் கொடுத்தேன். அந்த இடத்தை இரண்டு முறை வாசித்தார். எதையும் மாற்றவில்லை. கடைசி வரிக்கு வந்தபோதுதான் சிவப்புப் பேனாவைத் திறந்தார். ‘ஆங்கில வார இதழ் ஒன்று’ என்பதை வெட்டி, அதற்கு மேலே ‘சண்டே லீடர்’ என்று எழுதி, பிரதியை என்னிடம் நீட்டினார்.