480 நாள் கணக்கு: கேஷுவலிலிருந்து பெர்மனென்ட்

தமிழ்நாட்டில் ஆலையிலோ கம்பெனியிலோ கேஷுவலாக வேலை பார்ப்பவர், ‘பார்த்துச் செய்வார்கள்’ என்று நிர்வாகத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருஷங்களைக் கழிக்க வேண்டியதில்லை. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குவதற்கென்றே 1981-ல் மாநிலச் சட்டம் ஒன்று வந்தது. 24 காலண்டர் மாதத்துக்குள் 480 நாள் தொடர் பணி முடித்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அதன் 3-வது பிரிவு. திறமை, நடத்தை, காலியிடம் எதையும் அந்தப் பிரிவு கேட்பதில்லை. அது கேட்பது நாள் கணக்கு மட்டும்தான். மனுக்கள் பல தோற்பதும் அந்தக் கணக்கைக் காட்ட முடியாமல்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘240 நாள் போட்டாச்சு, இனி பெர்மனென்ட்தான்’ என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். 12 மாதத்தில் 240 நாள் என்பது வேறு கணக்கு. நோட்டீசும் இழப்பீடும் இல்லாமல் ஆட்குறைப்பு செய்ய முடியாது என்ற பாதுகாப்பை மட்டுமே அது தரும். நிரந்தரத்துக்கு 480 நாள் வேண்டும்.

சட்டம் எல்லோருக்கும் பொருந்தாது. நிறுவனத்தில் 50 தொழிலாளர்களாவது இருக்க வேண்டும். சீசனுக்கு மட்டும் ஓடும் தொழிலும், கட்டிடம், பாலம், சாலை போடும் வேலையும் இதில் வராது. அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவு செய்யப்பட்டவர் தொழிலாளி ஆகமாட்டார். ஆனால் ‘டிரெய்னி’ என்று அட்டை கொடுத்துவிட்டு மூன்று ஷிப்டும் மெஷினில் நிறுத்தியிருந்தால், பெயரைப் பார்த்து ஒதுங்கிவிட வேண்டாம், கேட்டுப் பார்க்கலாம். பதிலித் தொழிலாளியை, அதாவது வராத ஆளுக்குப் பதிலாக நிற்பவரை, சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பஞ்சாலைக்காரர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

இனி கணக்கு. 24 மாதம் ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. எந்த மாதத்தில் தொடங்கினால் நாள் அதிகம் வருகிறதோ அங்கிருந்து எண்ணிப் பாருங்கள். மாதம் 26 நாள் வேலை என்றால் 24 மாதத்துக்கு 624. அதில் 480 போனால் 144 நாள் மிச்சம். அதாவது கிட்டத்தட்ட ஐந்தரை மாத வேலை நாட்கள் விட்டுப்போனாலும் தகுதி கெடாது. ‘89 நாள் வேலை, 10 நாள் பிரேக்’ என்று ஓட்டுகிற இடத்தையே எடுத்துக்கொள்வோம். 730 நாளில் ஏழு பிரேக் விழும். 70 நாள் போக 660. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தாலும் 565 பக்கம் நிற்கும். பிரேக் விட்டால் தப்பிக்கலாம் என்பது ஹெச்.ஆர். அறைகளில் உலவும் நம்பிக்கை. இந்தக் கணக்கில் அது நிற்பதில்லை. தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றால் தொடர்ச்சி அறுந்ததாகச் சட்டமும் எடுத்துக்கொள்வதில்லை. உடல்நலக் குறைவு, அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டப்படியான வேலைநிறுத்தம், கதவடைப்பு எல்லாமே அப்படித்தான். லே-ஆஃப் (வேலை கொடுக்க முடியாமல் நிர்வாகம் தற்காலிகமாக நிறுத்திவைத்த) நாட்கள், சம்பளத்தோடு எடுத்த விடுப்பு, வேலையில் ஏற்பட்ட காயத்தால் வராத நாட்கள், மகப்பேறு விடுப்பு ஆகியவை 480-க்குள்ளேயே சேரும். சம்பளம் தரப்பட்ட வார விடுமுறையையும் எண்ண வேண்டும் என்று 240 நாள் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1985-ல் சொல்லியிருக்கிறது. அந்த நாட்களைத் தனிப் பத்தியில் காட்டுவது நல்லது. அவை இல்லாமலே 480 தாண்டினால் வாதத்துக்கே இடமில்லை.

கம்பெனி தப்பிப்பது பிரேக்கினால் அல்ல, பிரேக் சமயத்தில் வாங்கும் கையெழுத்தினால். ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’, ‘கணக்கு முடித்துக்கொண்டேன்’ என்ற தாள்களை நீட்டுவார்கள். ‘எல்லோரும் போடுகிறார்கள்’ என்று போட்டுவிட்டு, பி.எஃப். பணத்தையும் எடுத்துவிட்டால் ராஜினாமாவுக்கு நாமே சாட்சி சேர்த்துக் கொடுத்ததாக ஆகிவிடும். தவிர்க்கவே முடியாவிட்டால் தேதி போட்டு, ‘வேலைக்குத் தொடர்ந்து வரத் தயாராக உள்ளேன்’ என்று கைப்பட எழுதிக் கையெழுத்திடுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரம் சேர்ப்பதை வேலையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கேட்டுக்கு வெளியே நிறுத்திய பிறகு பஞ்சிங் ரெக்கார்டு கேட்டால் யார் தருவார்கள்? இருப்பதில் வலுவானது ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் இருக்கும் பங்களிப்பு விவரம். மாதவாரியாக எத்தனை நாளுக்குச் சம்பளம் என்பது அதில் இருக்கும், அதை ஏற்றியதும் நிர்வாகமே. ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் போனவர்களுக்கு பி.எஃப். பாஸ்புக்கும், யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினருக்கான நிரந்தர எண்) கணக்கில் தெரியும் பணி வரலாறும் துணை. இவற்றோடு பேஸ்லிப், வங்கி ஸ்டேட்மென்ட், கேட் பாஸ், ஷிப்ட் போடும் வாட்ஸ்அப் குழுவின் செய்திகள். நாள் கணக்கை முதலில் நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளிதான் என்று 240 நாள் வழக்குகளில் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஓரளவு ஆதாரம் கொடுத்துவிட்டு, மீதிக்கு நிர்வாகத்தின் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டும் தராமல் இருந்தால் அது அவர்களுக்கு எதிராகத் திரும்பலாம். கேட்காமலே விட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

காண்ட்ராக்ட் மூலம் வந்தவர்களுக்குப் பாதை கரடுமுரடு. காண்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டால்கூடத் தொழிலாளி தானாகக் கம்பெனி ஆளாகிவிட மாட்டார் என்பது 2001-ல் ‘செயில்’ (இந்திய எஃகு ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று காட்ட வேண்டும். வேலை சொன்னவர் கம்பெனி சூப்பர்வைசரா, லீவு யார் கொடுத்தது, மெமோ யார் பெயரில் வந்தது என்பவைதான் அங்கே பேசும். யு.ஏ.என். வரலாற்றில் மூன்று காண்ட்ராக்டர் பெயர் மாறியிருக்க, அதே மெஷினில் அதே ஆள் நின்றிருந்தால், அந்த ஒரு பக்கமே பாதி வாதம்.

மனுவை முதலில் நிர்வாகத்துக்குக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் டெலிவரி ஆதாரத்தோடு தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஆய்வாளருக்கு. தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகம், மற்றவற்றுக்குத் தொழிலாளர் துறை அலுவலகம். சட்டத்தின் விதிகள்படி நிர்வாகம் படிவம் 1-ல் தொழிலாளர் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் பெயர் விட்டுப்போனாலோ பதிவு தவறாக இருந்தாலோ 6(4) விதியின் கீழ் ஆய்வாளரிடம் முறையிடலாம், அவர் விசாரித்துத் திருத்த உத்தரவிடலாம். மனுவில் கஷ்டங்களைப் பக்கம் பக்கமாக எழுதுவதால் பயனில்லை. சேர்ந்த தேதி, டோக்கன் எண், பிரிவு, 24 மாதத்துக்கும் மாதவாரி நாள் அட்டவணை, 480 முடிந்த தேதி, ஒவ்வொரு வரிக்கும் எந்த ஆதாரம் என்ற குறிப்பு. இவ்வளவு போதும்.

தனியாகப் போவதைவிடப் பத்துப் பேராகவோ சங்கத்தின் வழியாகவோ போவது பாதுகாப்பு. ஒற்றை ஆளை நிறுத்துவது சுலபம். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், வேலைநீக்கத் தாவா எழுப்புகிறவர்கள் பழைய மாதிரி மனுவிலிருந்து பிரிவு எண்களை அப்படியே எடுத்து எழுத வேண்டாம்.

அரசு அலுவலகத் தற்காலிகப் பணியாளர்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. முறையான தேர்வு இல்லாமல் வந்த தற்காலிகப் பணியாளர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரலில் சொன்ன உமாதேவி தீர்ப்புதான் அங்கே குறுக்கே நிற்கும். தமிழக அரசின் 2006-ம் ஆண்டு அரசாணை 22-ம், 1.1.2006 அன்று பத்தாண்டு முடித்த தினக்கூலிப் பணியாளர்களை நிரந்தரமாக்குவதற்கானது மட்டுமே.

ஆய்வாளர் உத்தரவு வந்த பிறகும் நிர்வாகம் அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது சகஜம், அதில் வருஷங்கள் ஓடும். இடையில் ‘வழக்கை வாபஸ் வாங்கு, பெர்மனென்ட் ஆர்டர் தருகிறோம்’ என்று பேச்சு வரும். தரும் ஆர்டரை வரி வரியாகப் படியுங்கள். ‘புதிய நியமனம்’, ‘ஆறு மாதம் புரொபேஷன்’ என்று இருந்தால் பழைய சர்வீஸ் முழுக்கக் கைநழுவும் ஆபத்து இருக்கிறது. 480 முடிந்த தேதியிலிருந்து நிரந்தரம் என்றும், எந்த கிரேடு, என்ன அடிப்படைச் சம்பளம் என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். கிராஜுவிட்டிக்கு முதல் நாளிலிருந்தே சர்வீஸ் எண்ணப்படும் என்ற வரியையும் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகு கையெழுத்து.