உஜ்வாலா கேஸ்: கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய சிலிண்டர்

பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் எங்கள் சித்திக்கு உஜ்வாலாவில், அதாவது ஏழைக் குடும்பப் பெண்களுக்கு இலவச கேஸ் கனெக்சன் தரும் மத்திய அரசுத் திட்டத்தில், கேஸ் கேட்டு விண்ணப்பித்தது தை மாதம். அடுப்பு எரிந்தது வைகாசியில். விண்ணப்பம் எழுதியது அரை மணி நேர வேலைதான். மீதி நாளெல்லாம் இரண்டு சிக்கலை அவிழ்க்கவே போனது. வறுமைக்குச் சான்று கேட்டு அலையவிடுவார்கள் என்றுதான் பயந்தோம். அதை யாரும் பெரிதாகக் கேட்கவே இல்லை.

முதல் சிக்கலின் வேர் 2007ல் இருக்கிறது. அப்போது தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பித்தது. நிறைய வீடுகளில் அது மாமியார் பெயரில் வந்தது. சிலிண்டர் தீர்ந்ததும் நிரப்பக் காசில்லை, மறுபடி விறகடுப்பு. சித்தியின் மாமியார் இறந்து நான்கு வருடம் ஆகிறது. சிலிண்டர் மட்டும் கட்டிலுக்கு அடியில், துருப்பிடித்த ரெகுலேட்டரோடு, மேலே கேழ்வரகு மூட்டை வைக்கும் மணையாகக் கிடந்தது. கனெக்சன் செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். எண்ணெய் நிறுவனத்தின் பதிவில் அது உயிரோடுதான் இருந்தது.

உஜ்வாலாவில் ஒரு ரேஷன் கார்டு என்றால் ஒரு குடும்பம். கார்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருடைய ஆதாரையும் வாங்கி, யார் பேரிலாவது ஏற்கெனவே கேஸ் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். "உங்க கார்டுல ஏற்கெனவே கனெக்சன் இருக்குதுங்கம்மா" என்று ஏஜென்சியில் சொன்னபோது சித்தி கார்டை நீட்டி, "சிலிண்டர் இல்லைன்னுதான போட்டிருக்கு, பாருங்க" என்றார். அதை நம்பித்தான் ஏமாந்தோம். ரேஷன் கார்டுப் பதிவு வேறு, எண்ணெய் நிறுவனங்களின் பதிவு வேறு. ஒன்றில் இல்லை என்பதால் மற்றதில் இல்லை என்று ஆகாது.

இங்கே ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: பழைய கனெக்சனையே மருமகள் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று. அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். மாற்றினால் அது சாதாரண கனெக்சனாகவே தொடரும், உஜ்வாலா ஆகாது, சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் கிடைக்காது. நாங்கள் செய்தது: இறப்புச் சான்றிதழ் வைத்து ரேஷன் கார்டில் மாமியார் பெயரை நீக்கினோம். பிறகு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, கனெக்சனை முடித்ததற்கான ரசீது வாங்கினோம். 'டெர்மினேஷன் வவுச்சர்' என்று கேளுங்கள், அந்தப் பேர்தான் அங்கே புரிகிறது.

எந்த ஏஜென்சியில் ஒப்படைப்பது என்பதில் ஒரு முழு நாள் வீண். பழைய கேஸ் பாஸ்புக்கில் இருந்த பெயரைப் பார்த்து, சிலிண்டரை மினி பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றதால் ஆட்டோ வைத்து, தர்மபுரி டவுன் வரைக்கும் போனோம். "இந்த ஏரியா கனெக்சனையெல்லாம் உங்க பக்கத்து ஏஜென்சிக்கு மாத்தி ரொம்ப நாளாச்சு" என்று திருப்பி அனுப்பினார்கள். போகும் முன் பாஸ்புக்கில் உள்ள நுகர்வோர் எண்ணைப் போனில் சொல்லிக் கேட்டிருந்தால் ஆட்டோக் காசு மிச்சம்.

மறு விண்ணப்பம் சுலபம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், ஒரு உறுதிமொழிப் படிவம். அந்தப் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்து போடுங்கள். வீட்டில் யாராவது மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தாலோ, கார், டிராக்டர் இருந்தாலோ தகுதி இல்லை. ஓசூர் கம்பெனிக்குப் போகும் பையன் அதே கார்டில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டாவது சிக்கல், ஆதார் சரிபார்ப்புக்கு வைக்க வேண்டிய கைரேகை. பங்குனியில் போய் நின்றோம். புளி தட்டிக் கொட்டை எடுத்துத் தேய்ந்த விரல். பத்து விரலையும் வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. "நாளைக்கு வாங்க" என்று மூன்று முறை. முகத்தைப் படம் பிடித்தே சரிபார்க்கலாம் என்பதைக் கவுன்ட்டரில் யாரும் சொல்லவில்லை. எண்ணெய் நிறுவனத்தின் செயலியோடு ஆதார் ஃபேஸ்ஆர்டி செயலியையும் போனில் ஏற்றி, வெளிச்சத்தில் சித்தியைக் கண் சிமிட்டச் சொன்னதும் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

கனெக்சன் கொடுக்கும் அன்று ஏமாறக் கூடாத இடம் ஒன்று உண்டு. டெபாசிட், ரெகுலேட்டர், ஹோஸ், புத்தகம், பொருத்தும் கூலி, முதல் சிலிண்டர், அடுப்பு எதற்கும் காசு கிடையாது. எங்களிடம் லைட்டருக்கும் ஒரு டீத்தூள் பாக்கெட்டுக்கும் பில் போடப் பார்த்தார்கள். "எழுதிக் கொடுங்க, 1800 2333 555க்குப் போன் பண்ணிக் கேக்கறோம்" என்றதும் டீத்தூள் உள்ளே போய்விட்டது. போன் நம்பரையும் அங்கேயே சரிபாருங்கள். டெலிவரிக்கு வரும் கோடு அந்த நம்பருக்குத்தான் போகும். சித்தியின் பதிவில் இருந்தது விண்ணப்பம் ஏற்றிய கடைப் பையனின் நம்பர்.

அடுப்பு எரிந்த பிறகும் ஒரு சிக்கல் வந்தது. முழு விலையும் நாம் கொடுத்துவிட வேண்டும், 300 ரூபாய் பிறகு வங்கிக்கு வரும். இரண்டு சிலிண்டர் வாங்கியும் வரவில்லை. ஏஜென்சியில் "போட்டாச்சு" என்றார்கள், வங்கியில் "வரலை" என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மை. நாம் கொடுத்த பாஸ்புக்குக்கு அந்தப் பணம் போவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கே போகிறது. தபால்காரர் வீட்டு வாசலில் விரல் வைக்கச் சொல்லித் தொடங்கிய அஞ்சலகக் கணக்கில் 600 ரூபாய் உட்கார்ந்திருந்தது. மகளிர் உரிமைத் தொகைக்காக 2023ல் புதுக் கணக்குத் தொடங்கியவர்களும் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த வங்கி என்பதை ஆதார் இணையதளத்தில், ஓடிபி போட்டு, வங்கி இணைப்பு நிலையில் பார்க்கலாம். மாற்ற வேண்டுமானால் வங்கியில் "ஆதார் லிங்க் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். கணக்கில் ஆதார் எண்ணை ஏற்றிவிட்டு முடிந்தது என்பார்கள். "மானியம் வர டிபிடி சீடிங் பண்ணணும்" (மானியம் வந்து சேரும் கணக்காக ஆதாரோடு இணைப்பது) என்று சொல்லி, அதற்கான படிவத்தில் கையெழுத்து போட்டு, சில நாள் கழித்து அதே இணையதளத்தில் மறுபடி பாருங்கள்.

சிலிண்டர் வந்தால் எடை போட்டு வாங்குங்கள். சிலிண்டர் மேல் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ கூட்டினால் வர வேண்டிய எடை. களி கிண்டும்போது லேசான அந்த அடுப்பு நகர்கிறது என்று சித்தி தரையில் இறக்கி வைத்துவிட்டார். ஹோஸ் வளையும்படி சிலிண்டரை விடத் தாழ்வாக அடுப்பு இருக்கக் கூடாது. ஒரு கல் மேடை கட்டி ஏற்றினோம். களி இன்னமும் விறகில்தான்.

மானியம் 2025-26ல் வருடத்துக்கு 9 சிலிண்டருக்கு மட்டும். அதோடு ஒவ்வொரு நிதியாண்டிலும் ஒரு முறை ஆதார் சரிபார்ப்பை முடித்திருக்க வேண்டும். ஏஜென்சியில் மார்ச்சுக்குள் வந்தால் போதும் என்றார்கள். சித்தி ஒப்பவில்லை: "மார்ச்சுன்னா புளி தட்டற நேரம். கார்த்திகையிலயே போயிரலாம்."