பரணியின் இடது முன்னங்கால்

பரணி என்பது அவனுடைய பந்தயப் பெயரன்று. கிண்டி மைதானத்தில் ஓடிய நாட்களில் அவனுக்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டு ஆறு வயதில் எங்கள் சவாரிப் பயிற்சிப் பள்ளிக்கு அவன் வந்து இறங்கிய அன்று பரணி நட்சத்திரம். எங்கள் லாயத்தின் மூத்த குதிரைக்காரர் காலண்டரைப் பார்த்து வைத்த பெயரே நிலைத்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருந்த அந்தப் பள்ளியில் பதினாறு ஆண்டுகள் பயிற்சியாளராக வேலை பார்த்த நான் ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைகளில் ஏறியிருக்கிறேன். அவற்றுள் ஒன்றைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்ததும் வேறு எந்தக் குதிரையும் நினைவுக்கு வரவில்லை.

அவனுக்கு அப்போது பத்து வயது. ஜனவரி மாதக் கடைசியில் பெற்றோர்களுக்காக ஒரு தாண்டுதல் காட்சி நடத்துவதென்று பள்ளியில் முடிவாகியிருந்தது. அதில் பெரியவர்களுக்கான சுற்றில் பரணியின் மீது நான் ஏறுவதாக ஏற்பாடு. இரண்டு நாட்கள் முன்னதாகக் காலையில் நான் லாயத்துக்குள் நுழைந்தபோது, குதிரைக்கார அண்ணன் அவன் காலருகே குந்தியிருந்தார். "சார், இடது முன்னங்கால் கொஞ்சம் சூடா இருக்கிற மாதிரி தெரியுது" என்றார். நானும் குனிந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "வெயில்ல நின்னிருப்பான்ண்ணே" என்று சொல்லிவிட்டுச் சேணம் எடுக்கப் போனேன். மணி அப்போது ஆறேகால். ஜனவரி மாதத்தில் ஆறேகால் மணிக்கு வெயில் ஏது என்று அவர் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை, முப்பது ஆண்டுகளாகப் பயிற்சியாளர்களிடம் எதிர்க்கேள்வி கேட்டுப் பழகாதவர்.

அன்று மாலை ஒத்திகையில், மூன்றாவது தடையைத் தாண்டி இறங்கியபோது சேணத்துக்கு அடியில் ஏதோ ஒன்று மாறியது. வலி என்றோ தடுமாற்றம் என்றோ அதைச் சொல்ல முடியாது. நன்றாகப் பழகிய தாளத்தில் ஓர் அடி மட்டும் குறைவாக விழுந்தது போல இருந்தது. இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சிமெண்டுப் பாதையில் அவனை டிராட், அதாவது நடைக்கு அடுத்த மெதுவான சீர் ஓட்டம், ஓட வைத்துப் பார்த்தோம். முன்னங்காலில் நோவுள்ள குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். பரணி இடது கால் பட்ட ஒவ்வொரு முறையும் தலையை உயர்த்தினான். அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் முழங்காலுக்குக் கீழே, காலின் பின்பக்கம் வில்போல் வெளியே வளைந்து வீங்கியிருந்தது. குதிரையின் முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே சதையே இல்லாத அமைப்பு. எலும்பும் தோலும், அவற்றுக்கிடையே கயிறுகள் போல ஓடும் தசைநாண்களும்தான். ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள குதிரை நிற்கும்போது அந்த எடையில் சுமார் அறுபது விழுக்காட்டை முன்னங்கால்கள் இரண்டும் தாங்குகின்றன. வேகமாக ஓடும்போதும் தாண்டி இறங்கும்போதும் பின்பக்கத் தசைநாண் அறுந்துபோகும் எல்லைக்கு மிக அருகே வரை இழுபட்டு மீள்கிறது. பாய்ந்தோடும் குதிரையின் தசைநாணுக்குள் வெப்பம் 45 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பந்தயத்தில் பல ஆண்டுகள் ஓடிய ஒரு குதிரையின் கால் எத்தனை சிறு கிழிசல்களை ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

தமிழில் நொண்டி நாடகம் என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. குதிரையைத் திருடப் போய் அகப்பட்டுக் கால் வெட்டப்படும் ஒருவன், தெய்வத்தின் அருளால் மீண்டும் கால் பெறுவதை அவனே சொல்லிப் பாடுவதாக அமைந்தது. அங்கே தண்டனை தப்புச் செய்தவனுக்கே கிடைக்கிறது. எங்கள் லாயத்தில் அவசரப்பட்டவன் நான். கால் போனது பரணிக்கு.

பத்து நாள் கழித்துக் கால்நடை மருத்துவர் ஸ்கேன் கருவியோடு வந்தார். உடனே எடுத்தால் காயத்தின் முழு அளவு தெரியாது, அது சில நாட்கள் உள்ளுக்குள் விரிந்துகொண்டே போகும் என்பதால் அந்த இடைவெளி. காலின் மயிரை மழித்து, களிம்பு தடவி, கருவியை வைத்ததும் திரையில் வெண்மையான ஒரு வட்டம் தெரிந்தது. அதன் நடுவில் கறுப்பாக ஒரு குழி. நெடுக்குவாட்டில் பார்த்தபோது, வாரிவிட்ட தலைமயிர் போல வரிவரியாக இருக்க வேண்டிய நார்கள் ஓரிடத்தில் காணாமல்போயிருந்தன. "ஒரு வருஷம் ஆகும் சார். ஆறாவது மாசத்திலேயே நல்லாயிட்டான்னு உங்களுக்குத் தோணும். அப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். அந்த வாக்கியத்தின் முழுப் பொருளும் எனக்கு ஆறாவது மாதத்தில்தான் விளங்கியது.

பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு வருடம் என்பது தீவனக் கணக்கு. வேலை செய்யாத குதிரைக்கும் புல், தவிடு, லாடம், கூலி எல்லாம் உண்டு. காலில் குறைபட்ட பள்ளிக் குதிரைகள் கடற்கரைச் சவாரிக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோ விலைபோவது எங்கள் தொழிலில் புதிதல்ல. மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு ஜெனரேட்டர் விளக்குகளுக்கு நடுவே தார்ச்சாலையில் நிற்கும் குதிரைகளின் கால்களைக் குனிந்து பார்ப்பவர் யாருமில்லை. பரணியைப் பற்றியும் அப்படி ஒரு பேச்சு எழுந்தது. என் சம்பளத்திலிருந்து தீவனத்தின் பாதிச் செலவைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதைத் தியாகம் என்று யாரும் எண்ண வேண்டாம்; ஆறேகால் மணி வெயிலுக்கான அபராதம் அது.

முதல் இரண்டு வாரங்கள் முழுவதும் குளிர்ச்சி கொடுப்பதிலேயே கழிந்தன. நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம். குழாய் நீரைப் பீய்ச்ச வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன, ஆனால் எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருவது பிப்ரவரியிலும் வெதுவெதுப்பான தண்ணீர். அண்ணன் பக்கத்துக் குப்பத்தில் மீன் பெட்டிகளுக்காக இறக்கும் ஐஸ் பாரிலிருந்து பாதி பேசி வாங்கி வந்து, சாக்கில் சுற்றி உடைத்து, உயரமான ரப்பர் வாளியில் போடுவார். பரணி அதில் காலை வைத்து நிற்பான். லாயம் முழுக்க வஞ்சிர மீன் வாசம் வீசும். வலது காலுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டோம், ஏனென்றால் நோவுள்ள காலின் பாரத்தை ஏற்கும் நல்ல கால்தான் அடுத்துக் கெடும். இந்தக் கட்டத்தில் கொடுத்த வலி மருந்து நான்காவது நாளே அவனை நொண்டாமல் நடக்க வைத்தது. வலி மறைந்ததே தவிர உள்ளே இருந்த குழி அப்படியேதான் இருந்தது.

தீவனத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது மனிதர்களுக்கான பழமொழி. அடைபட்டு நிற்கும் பந்தய இனக் குதிரைக்குக் கொள்ளு போட்டால் அந்தச் சக்தி முழுவதும் உதையாகத்தான் வெளிவரும். ஊறவைத்த கொள்ளையும் ஓட்ஸையும் ஏறக்குறைய நிறுத்தி, புல்லை மட்டும் தாராளமாகப் போட்டோம். காலை ஐந்தரைக்கு மற்றக் குதிரைகளின் தொட்டிகளில் கொள்ளு விழும் சத்தம் கேட்டதும் அவன் கதவை உதைப்பான். கதவின் உள்பக்கம் பழைய மெத்தை ஒன்றைக் கட்டிவைத்தோம்.

மூன்றாம் வாரத்திலிருந்து நடை. கையில் பிடித்துக்கொண்டு, கெட்டியான சமதரையில், காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்ட வேண்டும். அறுபட்ட நாருக்கு எதற்கு நடை என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். கயிறு திரிப்பவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாரை இழுத்துப் பிடித்துக்கொண்டே திரித்தால்தான் புரிகள் ஒழுங்காக ஒட்டிச் சேரும். தளரவிட்டால் சிக்குத்தான் விழும். புதிதாக வளரும் நார்களுக்கும் அப்படி ஓர் இழுவை வேண்டும், ஆனால் பிய்ந்துபோகும் அளவுக்கு இருக்கக் கூடாது. அந்த இடைவெளிக்குள் நிற்பதற்குக் கைக்கடிகாரத்தைத் தவிர வேறு கருவி எங்களிடம் இல்லை. பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம்தான். அவன் ஆசையாக நடக்கிறானே என்று பதினாறாக்கக் கூடாது. சவாரியில் நான் கற்ற எந்த வித்தையும் இவ்வளவு கடினமாக இருந்ததில்லை.

வந்தவர்கள் எல்லாரும் கடலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். உப்புத் தண்ணீரில் சரியாகிவிடும் என்பது பொதுநம்பிக்கை. குளிர்ந்த நீர் நல்லதுதான், ஆனால் கடலுக்குப் போகும் வழியில் காய்ந்த மணல் இருக்கிறது. அதில் குளம்பு புதைந்து எழும் ஒவ்வொரு தடவையும் இதே தசைநாண்தான் கூடுதலாக இழுபடும். அலை வாங்கிப்போன ஈர மணல் கெட்டியாக இருந்தாலும், கரை சரிந்திருப்பதால் ஒரு பக்கக் கால் எப்போதும் பள்ளத்தில் போகும். இதை விளக்கி விளக்கி ஓய்ந்துபோய், கடைசியில் "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டேன். அந்தப் பதிலுக்கு மறுபேச்சு இல்லை.

ஏழாம் வாரத்தில் ஒரு மாலை, சாலையில் போன ஊர்வலத்தில் சரவெடி கொளுத்தினார்கள். பரணி பின்னங்கால்களில் நிமிர்ந்து, கயிற்றை என் கையிலிருந்து உருவிக்கொண்டு, மைதானத்தை இரண்டு சுற்றுப் பாய்ந்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது எனக்கு அன்றிரவு குளிக்கும்போதுதான் தெரிந்தது. அவனாகவே வந்து நின்றபோது அண்ணன் ஓடிவந்து முதலில் காலைத்தான் தொட்டார். மூன்று நாட்கள் ஐஸ், மறுபடி ஸ்கேன். கறுப்புக் குழி பெரிதாகவில்லை. அதன் பிறகு சில வாரங்களுக்கு நடைக்கு முன்னால் மிகக் குறைந்த அளவில் மயக்கம் தரும் மருந்து கொடுக்க மருத்துவர் அனுமதித்தார்.

லாடக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளம்பின் முன்பகுதி நீண்டு குதி தாழ்ந்திருந்தால், கால் தரையைவிட்டு எழும் ஒவ்வொரு முறையும் பின்பக்க நாண் அதிக நேரம் இழுபடும். பரணியின் குளம்பு பந்தய நாட்களிலிருந்தே அந்த அமைப்புதான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து, முன்பகுதியைச் சிறிது சிறிதாகக் குறைத்து ஐந்து மாதத்தில் அவர் அதைச் சீர்செய்தார். ஒரே நாளில் வெட்டிவிடலாமே என்று நான் கேட்டபோது, "மாடி வீட்டு அஸ்திவாரத்தை ஒரே நாள்ல மாத்துவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டார்.

மே மாதத்து ஸ்கேனில் குழி சாம்பல் நிறமாகியிருந்தது. சேணம் போட அனுமதி கிடைத்தது, நடைக்கு மட்டும். நான்கு மாதத்துக்குப் பிறகு அவன் முதுகில் உட்கார்ந்து, காலை ஐந்தரை மணிக்கு வெயிலுக்கு முன்னால், தாளம் தப்புகிறதா என்று கேட்டுக்கொண்டே இருபது நிமிடம் நடத்தினேன். ஜூனில் டிராட்: முதல் வாரம் இரண்டே நிமிடம், நேர்கோட்டில் மட்டும்; வட்டத்தில் திரும்பினால் உள்பக்கக் காலுக்குப் பாரம் கூடும் என்பதால். டிராட் இரண்டு தட்டுத் தாளம், சிறு கோளாறும் அதில் ஒளிந்துகொள்ள முடியாது. அண்ணன் சிமெண்டுப் பாதையில் அவனை ஓட்டிவர, நான் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். கண் ஆசைப்பட்டதைப் பார்க்கும். ஒரு தட்டு மெலிந்தால் காது உடனே சொல்லிவிடும்.

ஆறாவது மாதம் மருத்துவர் சொன்னபடியே வந்தது. மேனி பளபளத்தது, கால் மெலிந்து இயல்பான வடிவத்துக்கு வந்திருந்தது, தலை ஆடவில்லை, கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் அவனே டிராட்டைவிட வேகமான கேண்டர் ஓட்டத்துக்குத் தாவப் பார்த்தான். நிர்வாகம் கேட்டது, மாணவர்கள் கேட்டார்கள், எனக்கே கை அரித்தது. ஒருநாள் தாண்டுதடை ஒன்றின் கம்பைத் தரையில் கிடத்தி, அதன் எதிரே அவனை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டு வந்தேன். அண்ணன் அதைக் கவனித்திருக்கிறார் என்பது, மறுநாள் அந்தக் கம்புகளெல்லாம் தீவன அறைக்குள் பூட்டப்பட்டிருந்ததிலிருந்து தெரிந்தது.

செப்டம்பரில் கேண்டர் தொடங்கியது. அக்டோபர் நடுவில் மழை பிடித்துக்கொண்டு மைதானம் சேறானதும் மறுபடி நடைக்கே இறங்கினோம். டிசம்பர் வரை சிமெண்டுப் பாதைதான். அடுத்த பிப்ரவரியில் எடுத்த கடைசி ஸ்கேனில் வரிகள் ஒழுங்காகவே ஓடின, ஓரிடத்தில் மட்டும் தழும்பாக ஒரு திட்டு. தழும்பேறிய நாணுக்குப் பழைய நெகிழ்வு வராது, அதன் அருகிலேயே மறுபடி கிழிவதற்கான வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் விளக்கினார். அவனைத் தாண்டவிடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். நிர்வாகத்தில் சிலர் அதை அரைகுறை மீட்பு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுந்து நடக்கும் நோயாளியிடம் மறுபடி மலையேறச் சொல்லி யாரும் கேட்பதில்லை. குதிரையிடம் மட்டும் கேட்கிறோம்.

அந்த மார்ச் மாதத்தில், வேறொரு குதிரையிலிருந்து விழுந்து பயந்துபோயிருந்த பதினோரு வயதுச் சிறுமியைப் பரணியின் மீது ஏற்றினேன். நடை, டிராட், அதன் பின் மைதானத்தின் நீளவாக்கில் ஒரே ஒரு கேண்டர். பிடரியைப் பிடித்திருந்த அவள் பாதி வழியில் கையை எடுத்து லகானுக்குக் கொண்டுபோனாள். நான் அவளைப் பாராட்டிக்கொண்டே அவன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லாயத்துக்குப் போனபோது அண்ணன் வழக்கம்போல் அவன் காலருகே குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் சற்று நகர்ந்து இடம் விட்டார். நான் புறங்கையை முதலில் வலது காலிலும் பிறகு இடது காலிலும் மெல்ல வைத்து, மேலிருந்து கீழாக இறக்கினேன். இரண்டும் ஒரே குளிர்ச்சியாக இருந்தன. "நீங்க பாருங்கண்ணே" என்றேன். "பாத்துட்டேன் சார்" என்றார்.