கோடிப்புறத்தில் பழைய கல்

2024 செப்டெம்பர் 3, செவ்வாய்

நல்லூர்த் தேர் முந்தாநாள், தீர்த்தம் நேற்று. இருபத்தைந்து நாளும் "திருவிழா முடியட்டும்" என்று எல்லா வேலையையும் தள்ளி வைத்தாயிற்று. இனிச் சொல்லச் சாட்டு ஒன்றும் இல்லை.

இடம் குசினிக்குப் பின்னால் உள்ள கோடி, கிணற்றடிக்கும் வாழைகளுக்கும் நடுவே. 12 அடிக்கு 10 அடி. மாரியில் செம்மண் சேறு, கோடையில் செம்மண் புழுதி. இணுவில் மண்ணில் மரவள்ளி நன்றாக வரும், புகையிலை நன்றாக வரும். வெள்ளைச் சேலைதான் சரிவராது.

சீமெந்து போட்டு மூடுவோம், ஒரே நாள் வேலை என்கிறார் இவர். எனக்கு மனமில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிச் சேர்வதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். அது இறங்கும் வாயை நானே அடைத்துவிட்டு, ஆவணியில் கிணறு வற்றுகிறது என்று அழுவதா? கல் பதித்தால் இடுக்கு வழியே கொஞ்சமாவது இறங்கும்.

"120 சதுர அடியால் கிணறு நிரம்பாது" என்றார். நிரம்பாதுதான். அதற்காக?

செப்டெம்பர் 7, சனி

சுன்னாகப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் முற்றத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிது போடுகிறார்கள். பெயர்த்த இன்டர்லொக் கல் மதிலோரம் குவிந்து கிடந்தது. செங்கல் வடிவம்தான்: 200க்கு 100, தடிப்பு 60 மில்லிமீற்றர். சதுர மீற்றருக்கு 50 கல் வீதம் எனக்கு 560 போதும். உடைசலையும் நினைத்து 700 எண்ணி எடுத்தேன். புதிய கல்லின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

கல் ஒன்று மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 700 என்றால் கிட்டத்தட்ட இரண்டு தொன். லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) இரண்டு நடை வந்தது. இரண்டாவது நடையில் படலைக் கதியால் ஒன்று சாய்ந்தது.

அம்மா குவியலைச் சுற்றி ஒரு வலம் வந்தார். "எத்தனை கல்யாணத்து எச்சில் இலை விழுந்த கல்லோ. கழுவாமல் ஒன்றையும் பதிக்காதே" என்றார்.

செப்டெம்பர் 8, ஞாயிறு

கழுவுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஓரத்தில் ஒட்டியிருக்கும் சாந்தைச் செதுக்குவதுதான் உயிரை வாங்குகிறது. ஒரு கல்லில் இரண்டு மில்லிமீற்றர் சாந்தை விட்டுவைத்தால், பத்துக் கல் அடுக்கியதும் வரிசை இரண்டு சென்ரிமீற்றர் தள்ளிப் போய்விடும். பழைய கத்தியும் சின்னச் சுத்தியலுமாகக் காலை முழுவதும் இருந்து 140 கல் முடித்தேன். வங்கியில் காசு எண்ணும் விரல்கள் இவை. நாளைக்கு மனேஜர் என்ன நினைப்பாரோ.

சில கற்களில் மஞ்சள் பூச்சு இருக்கிறது. வாகனம் நிறுத்தக் கோடு போட்டிருக்கிறார்கள். நேர்க்கோடு அறுபது துண்டாகச் சிதறி என் குவியலுக்குள் வந்துவிட்டது. புரட்டிப் பதிக்கலாமா என்று பார்த்தேன். இந்தக் கல்லில் மேல்விளிம்பு மட்டும் சரிவாக இருக்கும். அடிவிளிம்பு கூர், கதிரைக் கால் இடித்தால் பொரிந்து போகும். ஆகவே மஞ்சள் மஞ்சளாகவே இருக்கட்டும்.

செப்டெம்பர் 14, சனி

பழைய கல்லின் உண்மையான சிக்கல் இன்றுதான் பிடிபட்டது. எல்லாம் 60 இல்லை. வாகனச் சில்லு ஏறி இறங்கிய இடத்துக் கல் தேய்ந்து 57, 56 என்று நிற்கிறது. ஓரத்தில் கிடந்தது புதிது போல இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வெறுங்காலுக்கே தெரியும்.

பலகைத் துண்டில் சரியாக 60க்கு ஒரு பிளவு, 58க்கு ஒரு பிளவு வெட்டினேன். ஒவ்வொரு கல்லாக நுழைத்துப் பார்ப்பது: 58க்குள் போனால் மெலிசு, 60க்குள் மட்டும் போனால் நடுத்தரம், இரண்டிலும் போகாவிட்டால் தடிப்பு. மூன்று குவியல். பக்கத்து வீட்டுத் தம்பி வந்து இரண்டு மணிநேரம் நின்றான். "அக்கா, இது ஒரு வேலையா?" என்று கேட்டுக்கொண்டே அவன்தான் வேகமாகப் பிரித்தான்.

செப்டெம்பர் 15, ஞாயிறு

கிடங்கு. கிறவல் (சரளை மண்) 100 மில்லிமீற்றர், மணல் 30, கல் 60. மொத்தம் ஏழரை அங்குலம் வெட்டவேண்டும். கிழக்கு மூலையில் அரை அடியிலேயே அலவாங்கு ணங் என்றது. பாறை. எங்கள் பக்கத்தில் புதினமில்லை. அந்த மூலையில் கிறவலைக் குறைத்தால் போயிற்று என்று விட்டுவிட்டோம். வெட்டிய மண் வாழைக்கு.

செப்டெம்பர் 21, சனி

ஜனாதிபதித் தேர்தல். மேசன் வரவில்லை. வாக்குப் போட்டுவிட்டு வந்து கிடங்கைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தேன்.

செப்டெம்பர் 22, ஞாயிறு

ஊரடங்கை நண்பகல் வரை நீட்டிவிட்டார்கள். வீதிக்குத்தான் ஊரடங்கு, கோடிக்கு இல்லை. இவரும் நானும் கிறவலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்தோம். இவருக்கு நாரிப்பிடிப்பு, ஆகவே பெரும்பாலும் மேற்பார்வை.

பின்னேரம் மேசன் அண்ணை எட்டிப் பார்த்தார். ரசமட்டம் வைத்து நான் தட்டையாக எடுத்த தளத்தைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, இது மேசை இல்லை. தண்ணீர் எங்கே போகும்?" ரியூப்பில் தண்ணீர் நிரப்பி இரு முனையிலும் பிடித்து மட்டம் பார்த்தோம். வீட்டுச் சுவரிலிருந்து வாழைப் பக்கம் 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம். கிணற்றுப் பக்கம் மட்டும் சரியவே கூடாது, முற்றம் கழுவிய தண்ணீர் கிணற்றுக்குள் போகும் என்றார். பாதிக் கிறவலை மறுபடி இழுத்தோம்.

செப்டெம்பர் 28, சனி

பதிப்பு. ஓர் அங்குலக் குழாய் இரண்டைச் சமாந்தரமாக வைத்து, நடுவில் மணல் கொட்டி, மேலே நேர்ப்பலகையை மெல்ல இழுக்கவேண்டும். பலகைக்கு முன்னால் மணல் சுருண்டு சுருண்டு நகர்கிறது, பின்னால் அரித்த மாவைப் போல ஒரு தளம் விரிகிறது. அதில் கால் படக்கூடாது, அதை இடிக்கவும் கூடாது. நான் இரண்டையும் செய்தேன்.

மேசன் அண்ணை மீன்முள் மாதிரி அடுக்கினார். தடிப்புக் கல் கதவடியில், நடுத்தரம் நடுவில், மெலிசு கடைசியில் வாழையோரம். ஒவ்வொன்றையும் கீழே வைத்து இழுப்பதில்லை, பக்கத்துக் கல்லோடு உரசியபடி நேரே இறக்குகிறார். மணல் குலையவில்லை. ஓரத்து அரைக்கல்லுக்கு உடைசல்கள் பயன்பட்டன. சுற்றுவரிசை நகராமல் இருக்க அதை மட்டும் சாந்தில் பதித்தோம். இவருக்கும் கொஞ்சம் சீமெந்து கிடைத்தது.

செப்டெம்பர் 29, ஞாயிறு

இடுக்குக்குப் போடும் மணல் ஈரமாக இருந்தால் மேலேயே நின்றுவிடும். பாயில் பரப்பி வெயிலில் உலர்த்தி, அரித்து, தும்புத்தடியால் கூட்டிக்கூட்டி இறக்கினோம். பலகை வைத்துக் கட்டையால் தட்ட, மணல் இன்னும் இறங்கியது. மறுபடியும் கூட்டினோம்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

எறும்பு. வாழையோரத்து இடுக்குகளில் சின்னச் சின்ன மணற்கூம்பு. நான் தும்புத்தடியால் இறக்கியதை அவை வாயால் ஏற்றுகின்றன. அவற்றுக்குக் கூலி இல்லை, தேர்தல் விடுமுறையும் இல்லை.

அம்மா செத்தல் மிளகாயை நேரே கல்லில் காயப் போட்டார். "விதையெல்லாம் இடுக்குக்குள் போகிறது. சீமெந்து போட்டிருந்தால் கூட்டி அள்ளலாம்" என்றார். இவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கேட்டது.

நவம்பர் 27, புதன்

நேற்றும் இன்றும் மழை விடவில்லை. உயர்தரப் பரீட்சையையே நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுத் தம்பியின் தங்கை புத்தகத்தோடு எங்கள் விறாந்தையில் இருக்கிறாள்.

முதல் நாள் கல் முற்றம் நன்றாகத்தான் குடித்தது. இன்று அடிமண்ணே ஊறிவிட்டது, இனி அது எங்கே குடிக்கும்? வாட்டம்தான் காப்பாற்றுகிறது, தண்ணீர் வாழைப் பக்கம் ஓடுகிறது. கிழக்கு மூலை மட்டும் காட்டிக் கொடுத்துவிட்டது. பாறைமேல் இருந்த கல் அசையவில்லை, பக்கத்தில் மண்மேல் இருந்தது கால் அங்குலம் தாழ்ந்து ஒரு படி விழுந்திருக்கிறது. அன்றைக்குப் பாறையை இன்னும் கொஞ்சம் கொத்தியிருக்கவேண்டும். நல்லவேளை, சாந்து இல்லை. பத்துக் கல்லைக் கிளப்பி, மணல் போட்டு, திரும்ப வைக்கலாம்.

நவம்பர் 30, சனி

கிளப்ப இன்னும் வெயில் வரவில்லை. அந்தப் படியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று ஆடுகிறது. மிதித்தால் "டக்" என்று ஓர் ஓசை. அம்மா அறைக்குள் படுத்தபடியே, "யார் அது, இந்த நேரத்தில் கோடிக்குப் போகிறது?" என்று கேட்கிறார். இவர் அந்தக் கல்லைத் தாண்டிக் காலெடுத்து வைக்கப் பழகிவிட்டார். கோடியில் ஒளித்து வைத்துப் பீடி குடிப்பவருக்கு அது வசதி.