அப்பத்தா முடிந்து கொடுத்த காசு

"நேபாளத்துக்கா போற? அப்ப முக்திநாதரைப் பார்க்காமத் திரும்பக் கூடாது" என்று அப்பத்தா சொன்னபோது, போகராவில் படகு விடும் ஏரியைப் பற்றித்தான் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். கடைசி செமஸ்டர் முடிந்து, தோழிகள் மூன்று பேர் சேர்த்து வைத்த காசில் கிளம்பிய பயணம் அது. எங்களுக்கு முதல் வெளிநாடு. பாஸ்போர்ட் இல்லாமல் வாக்காளர் அட்டையைக் காட்டியே போகலாம் என்பதால்தான் நேபாளம்.

முக்திநாத் அங்கே இமயமலையில் இருக்கும் பெருமாள் கோயில். அப்பத்தாவுக்கு அது வேண்டுதல். ப்ளஸ் டூ படிக்கும்போது எனக்கு டெங்கு வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போது திருக்கோஷ்டியூரில் மாசித் தெப்பத்துக்கு விளக்கு நேர்ந்துகொண்டவள், "பிள்ளை எழுந்து நடந்துட்டா முக்திநாத்துக்கு வந்து நூத்தெட்டு தாரையிலயும் தலையைக் காட்டுறேன்" என்று அதோடு சேர்த்து இதையும் நேர்ந்துவிட்டாள். விளக்கை மறு வருஷமே செலுத்தியாயிற்று. இது அப்படியே நின்றுபோனது. இரண்டு முழங்காலும் மடங்காத நிலையில் அவளால் இமயமலை எங்கே ஏற முடியும்? சுருக்குப் பையிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த பதினோரு ரூபாயை எடுத்து என் கையில் வைத்து மூடினாள். "நீ நனைஞ்சா நான் நனைஞ்ச மாதிரிதான் தாயி."

கோரக்பூர் வரை ரயில், அப்புறம் சோனௌலி எல்லை, அங்கிருந்து பஸ்ஸில் போகரா. ஃபேவா ஏரி நடுவே தீவில் இருக்கும் பாராஹி அம்மனைப் படகில் போய்க் கும்பிட்டோம். விடியற்காலையில் மச்சபுச்ரே சிகரம் பொன்னாகச் சிவந்ததைப் பார்த்தோம். எல்லாம் அழகுதான். ஆனாலும் என் கை மட்டும் பைக்குள் இருந்த முடிச்சை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது.

முக்திநாத் போக, போகராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் இருபது நிமிஷம். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் பொழுது ஏற ஏறக் காற்று கிளம்பிவிடும் என்பதால் காலையில் மட்டும்தான் பறக்கிறார்கள். நாங்கள் ஆறு மணிக்கே போய் உட்கார்ந்தோம். மேகம் விலகவில்லை. பத்தரைக்கு மேல், இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தோழிகள் முகம் வாடிப்போனது. "நான் ரோட்டில் போறேன்" என்றதும் இருவரும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி வேளாங்கண்ணி மாதா பக்தை. "உங்க அப்பத்தா வேண்டுதல்னா எனக்கும்தான்" என்றாள். இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது.

ஸ்டாண்டில் தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாஷை தெரியாத பெண் பிள்ளைகள் என்றதும் ஒரு இடத்துக்கு இரண்டு பங்கு வாடகை கேட்டார்கள். சாமி பார்க்க வருகிறவர்களிடம் இப்படியா என்று வயிறு எரிந்தது. ஆனால் அமைந்த டிரைவர் தங்கமானவர். அவர்தான் எங்களுக்கு நேபாளி சொல்லிக்கொடுத்தார். அண்ணனுக்கு 'தாய்', அக்காவுக்கு 'தீதீ', அம்மாவுக்கு 'ஆமா'.

தாதோபானி தாண்டியதும் மண் சரிந்து பாதை அடைத்துக் கிடந்தது. மூன்று மணி நேரம் அசையவில்லை. கீழே கறுப்பாகக் காளி கண்டகி இரைந்தது. பயமும் பசியுமாக நின்றவர்களை, பாதையோரம் சின்ன டீக்கடை வைத்திருந்த ஒரு அம்மா கையைப் பிடித்து அடுப்படிக்கே கூட்டிப்போய் உட்காரவைத்தார். டிரைவர் அவரை 'ஆமா' என்று கூப்பிட, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வளையம் போல அரிசி மாவில் சுட்ட சேல் ரொட்டி கொடுத்தார். கடித்தால் நம் ஊர் அதிரசத்தின் தூரத்துச் சொந்தம் போல இருந்தது. காசு வாங்கவே இல்லை. மகன் மலேசியாவில் வேலை பார்க்கிறானாம், மூன்று வருஷமாக வரவில்லையாம். நாங்கள் முக்திநாத் போகிறோம் என்று தெரிந்ததும் உள்ளே போய், கசங்கிய பத்து ரூபாய் நேபாள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அப்பத்தா மூடிய அதே மாதிரி. அதையும் மஞ்சள் துணியில் சேர்த்து முடிந்துகொண்டேன்.

இரவு ஜோம்சோமில் தங்கி, மறுநாள் காலை காக்பேனி வழியாக ராணிபௌவா. அன்று சனிக்கிழமை. நம் நாட்டிலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டங்கள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தன. சாளக்கிராமம் விற்கிறவர்களும் குதிரைக்காரர்களும் நகரவிடவில்லை. குதிரையில் வயதானவர்கள் போவதைப் பார்த்ததும் அப்பத்தாவைக் கூட்டி வந்திருக்கலாமே என்று நெஞ்சு அடைத்தது. 3,700 மீட்டருக்கு மேல் காற்றே போதவில்லை. நாலு படிக்கு ஒரு முறை நின்றேன். இந்தத் தலத்தைத்தான் சாளக்கிராமம் என்பார்கள். "சாளக்கிராமம் அடை நெஞ்சே" என்று திருமங்கையாழ்வார் பாட்டுக்குப் பாட்டு நெஞ்சைப் பிடித்துத் தள்ளினாரே, அந்த வரியைச் சொல்லிக்கொண்டேதான் ஏறினேன்.

சன்னதிக்குப் பின்னால் அரைவட்டமாக, தண்ணீர் கொட்டும் நூற்றெட்டு பித்தளை மாட்டு முகங்கள். முதல் தாரை தலையில் விழுந்ததும் உச்சியில் ஆணி இறக்கியது போல இருந்தது. முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பியது. ஐம்பதை நெருங்கும்போது மூச்சு நின்று சுவரில் சாய்ந்துவிட்டேன். முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு நேபாளிப் பாட்டி திரும்பிப் பார்த்து, என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவே இல்லை. கடைசித் தாரை வரை அவர் இழுக்க, நான் நனைந்துகொண்டே ஓடினேன். அந்தப் பாட்டி யார், எந்த ஊர், எதுவும் தெரியாது. அந்தப் பிடி அப்பத்தாவின் பிடி.

சன்னதி வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. ஒரு குழுவின் ஆள் "எங்க ஆளுங்க முதல்ல" என்று எங்களை ஓரங்கட்டினார். எப்படித்தான் வழி கிடைத்ததோ, திடீரென்று பெருமாள் முன் நிற்கிறேன். ஸ்ரீதேவி பூதேவியோடு, பொன்னிறமாக, அத்தனை சாந்தமாக. பௌத்தர்களுக்கும் இது புண்ணியத் தலம் என்பதால் அங்கே பிக்குணிகளும் கைங்கர்யம் செய்கிறார்கள். குளிரில் வெடித்த விரல்களோடு ஒரு பிக்குணி தீர்த்தம் கொடுத்தார். நான் மஞ்சள் முடிச்சை நீட்டினேன். ஈரத்தில் மஞ்சள் கரைந்து என் உள்ளங்கையெல்லாம் படிந்திருந்தது. அவர் முடிச்சையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: "ஆமா?"

அம்மாவா என்று கேட்கிறார். எனக்கு நேபாளியில் பதில் வரவில்லை. "ஆமா" என்றேன், தமிழில். அவர் தலையசைத்து, முடிச்சைத் தன் நெற்றியில் ஒற்றி, பெருமாள் திருவடியில் வைத்தார். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். யாரையும் கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. எனக்கென்று ஒன்றும் கேட்க நினைவும் வரவில்லை. படுக்கையிலிருந்து எழுப்பி இத்தனை உயரத்துக்கு நடக்கவைத்தவரிடம் இன்னும் என்ன கேட்பது? முக்திநாதா, முக்திநாதா என்று அழுததுதான் மிச்சம். அப்புறம் கீழே ஜ்வாலா மாயி கோயிலில், தண்ணீர் ஓடும் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நீலமாக எரியும் சுடரைக் குனிந்து பார்த்தபோதும் கண்ணீர் நிற்கவில்லை.

ஒரு பாட்டில் தீர்த்தத்தோடு ஊர் திரும்பினேன். அப்பத்தா குளித்து முடித்து, திண்ணையில் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். துளசிக் கொத்தைத் தீர்த்தத்தில் முக்கி முக்கி அவள் உச்சியில் தெளித்தேன். அவளே சத்தமாக எண்ணினாள். டீக்கடை ஆமாவைப் பற்றியும் அந்தப் பத்து ரூபாயைப் பற்றியும் தெளித்துக்கொண்டே சொன்னேன். நூத்தெட்டு முடிந்ததும் நான் பாட்டிலை மூடப் போனேன். அப்பத்தா நெற்றியில் வழிந்ததைத் துடைக்காமல் அப்படியே தலையைக் குனிந்திருந்தாள்.

"இன்னும் ஒண்ணு தெளி தாயி. அந்தம்மா மகனுக்கு."